ஆர்க் வெல்டிங்: கண்ணை மூடிக்கொண்டால் போதுமா?

முன்பெல்லாம் வெல்டிங் மெஷின் என்றால் பட்டறையின் மூலையில் கிடக்கும், இரண்டு பேர் சேர்ந்து நகர்த்த வேண்டிய கனத்த இரும்புப் பெட்டி. இன்று தோளில் மாட்டிக்கொண்டு போகும் அளவில் இன்வர்ட்டர் மெஷின் வந்துவிட்டது. ஆன்லைனில் சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. மாடித் தோட்டத்துக்கு ஸ்டாண்ட், கோழிக்கு கூண்டு, உடைந்த கேட் கீல் என்று பலரும் தாங்களே பற்றவைக்க ஆரம்பித்துவிட்டார்கள். மெஷின் புதிதாகிவிட்டது, கூட வரும் அறிவுரை மட்டும் பழையதாகவே இருக்கிறது: “வெளிச்சத்தைப் பார்க்காதே, ஷாக்கெல்லாம் அடிக்காது, புகைக்குக் கொஞ்சம் வெல்லம் சாப்பிடு.”

இதில் முதலாவது பாதிதான் சரி. இரண்டாவதை நம்பினால் உயிர் போகலாம். மூன்றாவதைச் சொன்னவருக்கு வயிறு வேறு, நுரையீரல் வேறு என்பது தெரியவில்லை.

புதிதாகப் பார்ப்பவர்கள் பயப்படுவது பறக்கும் பொறிக்கு. ஆனால் பொறி பட்டால் அந்த நொடியே சுடும், கையை இழுத்துக்கொள்வோம். வெல்டிங்கில் ஆளைச் சாய்ப்பவை பெரும்பாலும் அப்போதைக்கு வலிக்காதவை. கண்வலி நள்ளிரவில் வரும், காய்ச்சல் மாலையில் வரும், நெருப்பு எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு வரும். ஒவ்வொன்றும் எந்த வழியாக வருகிறது என்று தெரிந்துவிட்டால், எதற்கு என்ன தடுப்பு என்று யாரும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை.

ஆர்க் என்றால் என்ன?

மிக்சி ஓடிக்கொண்டிருக்கும்போதே பிளக்கை உருவினால் சாக்கெட்டுக்குள் ஒரு நீலப் பொறி தெரியும். செய்யக் கூடாதுதான், ஆனாலும் எல்லோரும் பார்த்திருப்போம். ஓடிக்கொண்டிருந்த மின்சாரத்தின் பாதை திடீரென்று அறுபடுகிறது. அந்தக் கணத்தில் அது நடுவிலிருக்கும் காற்றையே பாதையாக்கித் தாண்டப் பார்க்கிறது. சாக்கெட்டில் அது உடனே அணைந்துவிடும். வெல்டிங்கில் அதே பொறியை அணையவிடாமல் பிடித்து வைக்கிறோம்.

ராடு என்பது பற்றவைக்கும்போது உருகும் கம்பி. அதன் முனையை இரும்பில் உரசிச் சில மில்லிமீட்டர் தூக்கினால், இடையிலுள்ள காற்று கடுமையாகச் சூடாகி மின்சாரத்தைக் கடத்தத் தொடங்கும். இப்படி இடைவெளியைத் தாண்டி விடாமல் ஓடும் மின்சாரத்துக்குத்தான் ஆர்க் என்று பெயர். அதன் வெப்பம் 6,000 டிகிரி செல்சியஸ் அளவுக்குப் போகும். இரும்பு உருக 1,500 டிகிரி போதும். அதனால் ராடின் முனையும் இரும்பின் விளிம்பும் சேர்ந்து உருகி, ஆறும்போது ஒன்றாகிவிடுகின்றன.

ராடின் மேலிருக்கும் சாம்பல் நிறப் பூச்சுக்கு ஃப்ளக்ஸ் என்று பெயர். அது எரிந்து வாயுவாகி, உருகிய இரும்பைக் காற்று தீண்டாமல் காக்கும். மிச்சம் மேலே ஓடாகப் படியும். அந்த ஓடுதான் ஸ்லாக், சுத்தியலால் தட்டி எடுப்பது.

மெஷினின் வேலை எளியது. உள்ளே வரும் வோல்ட்டைக் குறைத்து ஆம்பியரைக் கூட்டித் தருகிறது. கடையில் பத்தாம் நம்பர் என்று கேட்டு வாங்கும் 3.15 மில்லிமீட்டர் ராடுக்குச் சாதாரணமாக 100 முதல் 130 ஆம்பியர் வைப்பார்கள். வீட்டு சீலிங் ஃபேன் எடுப்பது ஒரு ஆம்பியரில் மூன்றில் ஒரு பங்குதான்.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: மிகச் சிறிய இடைவெளி, அதில் மிகப் பெரிய மின்னோட்டம், அதனால் கடும் வெப்பம். அங்கிருந்து நம்மை நோக்கி வெளிச்சம், மின்சாரம், புகை, நெருப்பு என நான்கு வருகின்றன.

வெளிச்சம்: தெரிவது கொஞ்சம், தெரியாதது அதிகம்

ஆர்க்கிலிருந்து வருவதில் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சம் ஒரு பகுதி மட்டுமே. கூடவே வெப்பத்தைத் தரும் அகச்சிவப்புக் கதிரும் புற ஊதாக் கதிரும் வருகின்றன. தெரியும் வெளிச்சத்துக்கு நாமே முகத்தைத் திருப்பிக்கொள்வோம். புற ஊதாக் கதிர் கண்ணுக்குத் தெரியாது, படும்போது சுடவும் சுடாது. அதனால்தான் அது ஆபத்து.

கண்ணின் முன்பக்கம் ஒளி ஊடுருவும் ஒரு படலம் இருக்கிறது. அதற்குக் கார்னியா என்று பெயர். புற ஊதாக் கதிரைப் பெருமளவு உறிஞ்சிக்கொள்வது அதன் மேலடுக்குச் செல்கள்தான். அவை உடனே சாவதில்லை. சில மணி நேரம் கழித்துத்தான் உதிரத் தொடங்கும். உதிர்ந்ததும் கீழே இருக்கும் நரம்பு முனைகளுக்கு மூடாப்பு இல்லாமல் போகிறது. அப்புறம் ஒவ்வொரு முறை இமைக்கும்போதும் இமை நேராக நரம்பில் உரசும்.

பகல் பதினொரு மணிக்கு ஷீல்டு (முகத்தை மறைக்கும் கறுப்புக் கண்ணாடித் தடுப்பு) இல்லாமல் பத்து இடத்தில் டாக் (துண்டுகள் நகராமலிருக்க வைக்கும் சிறு பற்று) வைத்தவர், மாலையில் ஒன்றும் தெரியாமல் சாப்பிட்டுப் படுப்பார். நடுராத்திரியில் கண்ணில் மண்ணை அள்ளிப் போட்டதுபோல் எரிச்சலோடு எழுந்து உட்காருவார். கண்ணீர் நிற்காது, லைட்டைப் போட்டால் தாங்காது. படும் நேரத்துக்கும் வலிக்கும் இடையில் பெரும்பாலும் 6 முதல் 12 மணி நேரம் இருக்கும். இந்த இடைவெளிதான் பலரையும் ஏமாற்றுகிறது. “நான் பார்த்தேனே, ஒன்றும் ஆகவில்லையே” என்று சொல்பவர் மதியம் ஒரு மணிக்குச் சொல்லிக்கொண்டிருப்பார்.

சரி, டாக் வைக்கும்போது கண்ணை மூடிக்கொண்டால் போதாதா? பட்டறையில் பாதிப் பேர் செய்வது அதுதான். மூடிய இமை புற ஊதாக் கதிரைப் பெரும்பாலும் தடுத்துவிடும், அதை மறுப்பதற்கில்லை. ஆனால் ராடு எந்த நொடியில் பற்றும் என்று யாருக்கும் உறுதியாகத் தெரியாது. கண்ணை மூடுவதற்கு ஒரு இமைப்பொழுது முன்னாலேயே பற்றிக்கொள்ளும். ஒரு முறை நடந்தால் பெரிதாக எதுவும் இல்லை. நாள் முழுக்க நூறு டாக் வைத்தால் அந்த இமைப்பொழுதுகளெல்லாம் ஒரே கணக்கில் சேரும், கார்னியா ஒன்றையும் தள்ளுபடி செய்வதில்லை. முகமும் கழுத்தும் வேறு கருகும். மேல் பட்டன் போடாத சட்டைக்காரர்களின் கழுத்துக்குக் கீழே முக்கோணமாகச் சிவந்திருப்பதைப் பார்த்தாலே, அன்று என்ன வேலை நடந்தது என்று தெரிந்துவிடும்.

வேடிக்கை பார்ப்பவருக்கும் இதே கதிர்தான். தூரம் இரண்டு மடங்கானால் தாக்கம் நான்கில் ஒரு பங்காகக் குறையும். அதனால் தெருவில் கடந்து போகிறவர் ஓரிரு நொடி பார்த்துவிட்டதற்காகப் பயப்பட வேண்டாம். பக்கத்தில் நின்று இரும்பைப் பிடித்துக்கொடுக்கும் உதவியாளர்தான் பாவம். வெல்டருக்காவது கையில் ஷீல்டு இருக்கும், அவருக்கு எதுவும் இருக்காது. பளபளக்கும் அலுமினியத் தகடு எதிரில் இருந்தால், ஆர்க்குக்கு முதுகைக் காட்டி நின்றாலும் அதில் பட்டுத் திரும்பி வந்து முகத்தில் அடிக்கும்.

வலி வந்துவிட்டால் என்ன செய்வது? உருளைக்கிழங்கு வில்லை, தாய்ப்பால், தயிர் என்று ஊருக்கு ஊர் வைத்தியம் உண்டு. கிழங்கு சில்லென்று இருப்பதால் கொஞ்சம் இதமாக இருக்கும், அதைத் தாண்டி அது எதையும் ஆற்றுவதில்லை. மேல்தோல் உரிந்த கண்ணுக்குள் சமையலறைப் பொருளை விடுவது கிருமியை உள்ளே அழைப்பதாகும். இருட்டறை, மூடிய இமைமேல் சுத்தமான ஈரத்துணி, ஒரு வலி மாத்திரை, கசக்காமல் இருப்பது. கார்னியா ஓரிரு நாளில் தானே புதுச் செல்களை வளர்த்துக்கொள்ளும். ஒரு நாளைத் தாண்டியும் வலி குறையவில்லை என்றாலோ பார்வை மங்கினாலோ கண் மருத்துவரிடம் போய்விட வேண்டும். மரத்துப்போகச் செய்யும் சொட்டு மருந்தைக் கடையில் வாங்கித் திரும்பத் திரும்ப விடுவது மோசமான யோசனை. வலி தெரியாது, புண்ணும் ஆறாது.

கான்டாக்ட் லென்ஸ் போட்டவர் ஆர்க்கைப் பார்த்தால் லென்ஸ் கண்ணோடு ஒட்டிக்கொள்ளும் என்று ஒரு கதை பல வருடமாகச் சுற்றுகிறது. அப்படியெல்லாம் நடக்காது.

கறுப்புக் கண்ணாடிக்கு எண் இருக்கிறது

கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு வெல்டிங் செய்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். கறுப்பாக இருந்தால் எல்லாம் ஒன்றுதான் என்ற நினைப்பு. வெல்டிங் கண்ணாடியின் கருமைக்கு ஷேடு என்று ஒரு எண் இருக்கிறது. எண் கூடக்கூட வெளிச்சம் குறையும், அதுவும் கொஞ்ச நஞ்சமாக இல்லை. சாதாரணக் கூலிங் கிளாஸ் ஏறக்குறைய 3-ஆம் எண்ணுக்குச் சமம். வரும் வெளிச்சத்தில் ஏழில் ஒரு பங்கை உள்ளே விட்டுவிடும். 10-ஆம் எண் விடுவது சுமார் 7,000-ல் ஒரு பங்கு. 11-ஆம் எண் கிட்டத்தட்ட 20,000-ல் ஒரு பங்கு. வீட்டு வேலைக்குப் பயன்படும் ராடுகளுக்கு 10 அல்லது 11 பொருத்தமாக இருக்கும். கூலிங் கிளாஸுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் ஆயிரம் மடங்கு. அதோடு கூலிங் கிளாஸின் பக்கவாட்டு திறந்தே கிடக்கும், முகத்தையும் அது மறைக்காது.

பற்றவைத்ததும் தானே இருண்டுகொள்ளும் ஆட்டோ டார்க்கனிங் ஹெல்மெட்டைப் பற்றியும் ஒரு பயம் உண்டு: நடுவில் பேட்டரி தீர்ந்தால் கண் போய்விடாதா? நல்ல ஹெல்மெட்டில் புற ஊதாவையும் அகச்சிவப்பையும் தடுக்கும் அடுக்கு எப்போதும் இருக்கும். பேட்டரி பார்த்துக்கொள்வது தெரியும் வெளிச்சத்தை மட்டுமே. அது இருளாவிட்டால் கண் கூசும், உடனே ஆர்க்கை நிறுத்திவிடலாம். மலிவு விலையில் எந்தத் தரக்குறியும் இல்லாமல் வரும் ஹெல்மெட்டில் இந்த உத்தரவாதம் கிடையாது. அதைவிட 10-ஆம் எண் கண்ணாடி மாட்டிய பழைய கைஷீல்டு மேல்.

ஷீல்டுக்குள்ளே சாதாரணப் பாதுகாப்புக் கண்ணாடி ஒன்றும் போட்டுக்கொள்ளுங்கள். ஸ்லாக்கைத் தட்டும்போது ஷீல்டை மேலே தூக்கிவிடுவோம், சூடான சில்லு தெறிப்பதும் அப்போதுதான். கிரைண்டிங் தூள் கண்ணில் விழுந்தால் பக்கத்து ஆள் வேட்டி நுனியாலோ தீக்குச்சியாலோ எடுத்துவிடும் வழக்கமும் இருக்கிறது. கார்னியாவில் குத்தி நிற்கும் இரும்புத் துகள் ஒரு நாளில் அங்கேயே துருப்பிடிக்கத் தொடங்கிவிடும். அதை எடுப்பது கண் மருத்துவரின் வேலை.

கண் விஷயத்தில் நினைவில் நிற்க வேண்டியது இரண்டு. கெடுதல் செய்யும் கதிர் தெரியாது, வலியும் அப்போதைக்குத் தெரியாது. அதனால் “கூசவில்லை” என்பது பாதுகாப்புக்குச் சான்று ஆகாது.

“வெல்டிங் கரண்ட் ஷாக் அடிக்காது”

இப்படிச் சொல்பவர் பொய் சொல்லவில்லை. பல வருடம் வேலை செய்தும் அவருக்குச் சுள்ளென்று இழுத்ததைத் தவிர ஒன்றும் ஆகியிருக்காது. ஆர்க் எரிந்துகொண்டிருக்கும்போது ராடுக்கும் இரும்புக்கும் இடையே 20 முதல் 30 வோல்ட்தான் இருக்கும். உலர்ந்த கைக்கு அது பெரிய விஷயமில்லை.

ஆனால் ஆர்க் எரியாதபோது? மெஷின் ஆனில் இருக்கிறது, ராடு எதையும் தொடவில்லை. அந்த நேரத்தில் ராடைப் பிடித்திருக்கும் ஹோல்டரில் இருக்கும் மின்னழுத்தம் 50 முதல் 80 வோல்ட், சில பழைய மெஷின்களில் அதற்கும் மேல். இதற்கு ஓப்பன் சர்க்யூட் வோல்டேஜ் என்று பெயர். அதாவது வேலை நடக்கும்போது இருப்பதைவிட, சும்மா இருக்கும்போதுதான் வெல்டிங் மெஷின் அதிக ஆபத்து. சும்மா இருக்கும்போது வெல்டர் என்ன செய்வார்? ராடு மாற்றுவார். கையுறையைக் கழற்றிவிட்டு, வியர்த்த வெறுங்கையால்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. உலர்ந்த தோல் மின்சாரத்தை நன்றாகத் தடுக்கும். வியர்வையில் நனைந்த உடம்பின் தடை 1,000 ஓம் அளவுக்கு இறங்கிவிடலாம். 80 வோல்ட்டை 1,000 ஓமால் வகுத்தால் 0.08 ஆம்பியர், அதாவது 80 மில்லி ஆம்பியர். வீட்டு மின்சாரம் போன்ற ஏசியில் 10 மில்லி ஆம்பியரைத் தாண்டினாலே தசை இறுகி, பிடித்ததை விட முடியாமல் போகலாம். 80 மில்லி ஆம்பியர் நெஞ்சின் வழியாக ஓரிரு நொடி ஓடினால் இதயத்துடிப்பு தாறுமாறாகிவிடக்கூடும். இன்வர்ட்டர் மெஷின்கள் பெரும்பாலும் டிசி தருகின்றன. டிசியில் அதே கேடு நேரக் கூடுதல் மின்னோட்டம் வேண்டும், அது உண்மைதான். நனைந்த சட்டையோடு இரும்புத் தகட்டின் மேல் படுத்துக்கிடப்பவருக்கு அது பெரிய ஆறுதல் இல்லை.

படுத்துக்கிடப்பது என்றுதான் சொன்னேன். ஆபத்தான இடங்கள் எல்லாமே இப்படிப்பட்டவை: இரும்புத் தொட்டியின் உள்பக்கம், லாரியின் அடிப்பக்கம், மழை பெய்து ஓய்ந்த தளம். அங்கே உடம்பின் பெரும்பகுதி வேலை செய்யும் இரும்பையே தொட்டுக்கொண்டிருக்கும். ராடை மட்டும் தவறிப்போய் தொட்டால் போதும், சுற்று முழுமையாகிவிடும். ராடு மாற்றும்போது ஹோல்டரை அக்குளில் இடுக்கிக்கொள்வது, கேபிளைத் தோளில் சுற்றிக்கொள்வது, சூடான ஹோல்டரைத் தண்ணீர் வாளியில் முக்கி ஆற்றுவது ஆகிய மூன்று பழக்கங்களையும் பல பட்டறைகளில் பார்க்கலாம். மூன்றுமே மின்சாரத்துக்கும் நெஞ்சுக்கும் நடுவே இருக்கும் தடையைக் குறைப்பவை.

“வீட்டில் ஆர்சிசிபி போட்டிருக்கிறேன், அது ட்ரிப் ஆகிவிடும்” என்று பலர் நம்புகிறார்கள். ஆகாது. மீட்டர் பலகையிலிருந்து வெளியே போகும் மின்சாரமும் திரும்பி வரும் மின்சாரமும் சமமா என்று பார்ப்பதுதான் ஆர்சிசிபியின் வேலை. வீட்டு இணைப்பில் 30 மில்லி ஆம்பியர் வித்தியாசம் வந்தால் அது துண்டித்துவிடும். வெல்டிங் மெஷினுக்குள் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மரோ வெளியே போகும் பக்கத்தை வீட்டு மின்சாரத்திலிருந்து முற்றிலும் பிரித்துவிடுகிறது. ராடிலிருந்து உங்கள் கை வழியாகப் போகும் மின்சாரம் இரும்புக்கு வந்து கேபிள் வழியாக மெஷினுக்கே திரும்பிவிடும். மீட்டர் பலகைக்கு அப்படி ஒன்று நடந்ததே தெரியாது. மெஷினின் உள்ளே வரும் ஒயர் சேதமாகி உடல் பகுதியில் மின்சாரம் கசிந்தால், அதற்குத்தான் ஆர்சிசிபி உதவும். ராடு பக்கத்தில் காப்பாற்றப் போவது உலர்ந்த தோல் கையுறை, ரப்பர் அடி கொண்ட ஷூ, காலுக்குக் கீழே காய்ந்த பலகை, இவ்வளவுதான். ராடு தொடாதபோது வோல்ட்டைத் தானே இறக்கிவிடும் விஆர்டி வசதியோடு சில மெஷின்கள் வருகின்றன. புதிதாக வாங்குபவர்கள் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்து அதை வாங்குவது நல்லது.

சுருக்கமாகச் சொன்னால், ஆர்க் எரியாத நேரம் ஓய்வு நேரம் இல்லை. ராடு மாற்றவும் கையுறை வேண்டும், ஈரமான கையுறை கையுறையே இல்லை.

எர்த் கிளாம்ப் எதற்கு?

மெஷினிலிருந்து இரண்டு கேபிள் வருகின்றன. ஒன்று ஹோல்டருக்கு. இன்னொன்றை எல்லோரும் எர்த் என்கிறார்கள், அதன் முனையில் கிளாம்ப் இருக்கும். இது நம்மைக் காக்கும் எர்த் இல்லை. வெல்டிங் மின்சாரம் மெஷினுக்குத் திரும்பும் வழி. போகும் 120 ஆம்பியரும் இதன் வழியாகவே திரும்பியாக வேண்டும். உண்மையான எர்த், மெஷினின் உடல் பகுதியிலிருந்து மூன்று முள் பிளக் வழியாகத் தரைக்குப் போகும் பச்சை ஒயர். அதில் சாதாரணமாக எதுவும் ஓடாது, கோளாறு நேர்ந்தால் மட்டும் வேலை செய்யும்.

நடைமுறை தலைகீழ். பிளக்கே இல்லாமல் இரண்டு ஒயரைச் சாக்கெட் ஓட்டையில் சொருகி, தீக்குச்சியை முட்டுக்கொடுத்திருப்பார்கள். பச்சை ஒயரை வெட்டி விட்டிருப்பார்கள், அல்லது அது கேபிள் மேல் சுற்றிக் கிடக்கும். கேட்டால், “அதான் எர்த் மாட்டியிருக்கேனே” என்று தரையில் கிடக்கும் கிளாம்பைக் காட்டுவார்கள்.

கிளாம்பை எங்கே மாட்டுகிறோம் என்பதும் முக்கியம். மின்சாரம் மெஷினுக்குத் திரும்பியே ஆக வேண்டும், வழி எதுவாக இருந்தாலும் சரி. கிளாம்பைப் பத்தடி தள்ளி ஏதோ ஒரு தூணில் மாட்டிவிட்டு இங்கே கேட்டில் பற்றவைத்தால், நூறு ஆம்பியர் கேட்டின் கீல் வழியாக, கட்டடக் கம்பி வழியாக, சில நேரம் சங்கிலி வழியாகவோ வீட்டின் எர்த் ஒயர் வழியாகவோ சுற்றிக்கொண்டு போகும். தளர்ந்த இணைப்பு எங்கே இருக்கிறதோ அங்கே சூடாகும், பொறி விடும். மெல்லிய எர்த் ஒயர் அந்தச் சுமையைத் தாங்காமல் சுவருக்குள்ளேயே கருகலாம். வண்டியில் செய்தால் சக்கர பேரிங் கெடும், மின்னணுப் பாகங்கள் போகும். அதனால்தான் வண்டியில் பற்றவைக்கும் முன் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றச் சொல்கிறார்கள்.

கேபிள் நீளம் போதாமல் பழைய கம்பித் துண்டுகளைத் தரையில் வரிசையாகப் போட்டு இணைப்பதும், கிளாம்ப் உடைந்துபோனதால் கேபிள் முனையை இரும்பின் மேல் வைத்துக் கல்லைத் தூக்கி வைப்பதும் சிக்கனம் இல்லை. கிளாம்பின் விலை அந்த வேலைக்கு ஆகும் ராடு செலவைவிடக் குறைவாகத்தான் இருக்கும். பற்றவைக்கும் துண்டிலேயே, பற்றவைக்கும் இடத்துக்கு எவ்வளவு அருகில் முடியுமோ அவ்வளவு அருகில், பெயின்டையும் துருவையும் சுரண்டிவிட்டுக் கிளாம்பைக் கடிக்கவிட வேண்டும். ஆர்க்கும் சீராக நிற்கும்.

புகையும் வெல்லமும்

வெல்டிங் புகை, விறகுப் புகை போன்றது இல்லை. ஆர்க்கின் வெப்பத்தில் உலோகமும் ஃப்ளக்ஸும் ஆவியாகி, காற்றில் பட்டதும் மீண்டும் இறுகி நுண்துகள்களாகின்றன. பெரும்பாலானவை ஒரு மைக்ரானுக்கும் சிறியவை, அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கைவிடச் சிறியவை. மூக்கு முடியும் சளியும் பிடிக்கும் அளவுக்கு அவை பெரிதாக இல்லை, நேராக நுரையீரலின் அடிவரை போகும். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2017-இல் வெல்டிங் புகையை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவற்றின் முதல் பிரிவில் சேர்த்தது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஸ்டாண்ட் செய்பவர் இதற்காக நடுங்க வேண்டாம். தினமும் எட்டு மணி நேரம் மூச்சிழுப்பவருக்கு இது வேறு கணக்கு.

வெல்லம், பால், வாழைப்பழம் எல்லாமே உணவுக்குழாய் வழியாக வயிற்றுக்குப் போகும். துகள் இருப்பது நுரையீரலில். இரண்டும் சந்திப்பதே இல்லை. சாப்பிடுங்கள், நல்ல உணவுதான். ஆனால் அதை நம்பிக் கதவைச் சாத்திக்கொண்டு வேலை செய்யாதீர்கள்.

வீட்டு வேலையில் அதிகம் மாட்டுவது ஜிஐ பைப். அதன் மேல் துத்தநாகப் பூச்சு இருக்கும். பற்றவைத்தால் வெள்ளைப் புகையாகக் கிளம்பும், சுற்றிலும் பஞ்சு போலப் படியும். அதை மூச்சிழுத்தவருக்குச் சில மணி நேரம் கழித்து, பெரும்பாலும் மாலையிலோ இரவிலோ, வாயில் உலோகச் சுவை, குளிர், காய்ச்சல், உடம்புவலி எல்லாம் வரும். இதற்கு உலோகப் புகைக் காய்ச்சல் என்று பெயர். ஓரிரு நாளில் சரியாகிவிடும் என்பதால் வெயிலில் நின்றதால் வந்தது என்று நினைத்துக்கொள்வார்கள். தொடர்ந்து புகையில் இருப்பவருக்கு உடம்பு கொஞ்சம் பழகிவிடும், ஞாயிறு விடுமுறை முடிந்து திங்களன்று மறுபடி வரும். அதனால் இதைத் திங்கட்கிழமைக் காய்ச்சல் என்றும் சொல்வதுண்டு. பற்றவைக்கும் இடத்தில் சுற்றிலும் ஓரிரு அங்குலம் துத்தநாகத்தை அரைத்து எடுத்துவிட்டால் தொல்லை பெருமளவு குறையும். அரைக்கும்போது முகக்கவசம் வேண்டும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் இன்னும் மோசம், அதன் புகையில் நச்சுத்தன்மை கொண்ட குரோமியம் இருக்கும்.

கைக்குட்டை கட்டுவதில் பயன் இல்லை, துணியின் இழைகளுக்கு நடுவே இந்தத் துகள் தாராளமாக நுழையும். முகத்தில் இறுகப் பதியும் என்95 முகக்கவசம் துகளைப் பிடிக்கும், வாயுவைப் பிடிக்காது. எதையும்விட முதலில் செய்ய வேண்டியது தலையின் இடத்தை மாற்றுவது. புகை நேராக மேலே எழும், நாம் பார்க்க வசதியாக அதற்கு நேர் மேலேதான் குனிகிறோம். கொஞ்சம் பக்கவாட்டில் உட்கார்ந்து, காற்று ஒரு பக்கமிருந்து மறுபக்கம் போகும்படி வைத்துக்கொண்டாலே மூச்சில் போவது வெகுவாகக் குறையும். இன்னொன்று: பிரேக் கிளீனர் போன்ற ஸ்பிரேக்களில் குளோரின் சேர்ந்த வகைகள் உண்டு. அதை அடித்துத் துடைத்த இடத்தில் பற்றவைத்தால் ஆர்க்கின் வெப்பத்திலும் கதிரிலும் பாஸ்ஜீன் என்ற நச்சுவாயு உண்டாகலாம். முதல் உலகப் போரில் ஆயுதமாகப் பயன்பட்ட வாயு அது. அந்த ஸ்பிரே பக்கமே போகாதீர்கள்.

ஆக, துகள் வரும் வழி மூச்சு. தடுப்பும் மூச்சுப் பாதையில்தான் இருக்க வேண்டும்.

நெருப்பு, குறிப்பாகக் காலி டிரம்

பொறி கண்ணுக்குத் தெரிவதால் இதில் ஓரளவு எல்லோரும் கவனமாகவே இருக்கிறார்கள். உருகிய துளி 35 அடி தூரம் வரை போகலாம் என்று கணக்கு வைத்துத்தான் தொழிற்சாலைகளில் இடத்தைச் சுத்தம் செய்கிறார்கள். தரை இடுக்கிலோ சணல் சாக்கிலோ விழுந்தது உடனே எரியாது. உள்ளே கனிந்துகொண்டிருந்து பிறகு பற்றும். அதனால் வேலை முடிந்த பிறகு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் வரை ஒரு ஆள் அங்கேயே இருந்து பார்ப்பது நடைமுறை. டீ குடிக்கப் போகும் நேரம் அது.

டிரம் விஷயத்தில்தான் தப்புக்கணக்கு. பெட்ரோல் நிறைந்த டிரம் ஆபத்து, காலி டிரம் பரவாயில்லை என்று நினைக்கிறோம். பெட்ரோல் வெடிக்க வேண்டுமானால் அதன் ஆவி காற்றோடு கலந்திருக்க வேண்டும். காற்றில் 1.4 சதவீதம் ஆவி கலந்தாலே போதும். 200 லிட்டர் டிரம்மில் அந்த அளவு ஆவி வர அடியில் ஒரு மேசைக்கரண்டி பெட்ரோல் மிச்சமிருந்தால் போதுமானது. கவிழ்த்து வைத்த டிரம்மின் மடிப்புக்குள் அவ்வளவு எப்போதும் இருக்கும். டீசல், பெயின்ட், எண்ணெய் டிரம்களும் விலக்கு இல்லை. டீசலும் எண்ணெயும் சாதாரண வெப்பத்தில் அதிகம் ஆவியாகாதுதான், ஆனால் வெளியே பற்றவைக்கும் சூடே உள்ளே ஒட்டியிருப்பதை ஆவியாக்கிவிடும். கழுவினேன், வெயிலில் காயவைத்தேன், மோந்து பார்த்தேன் என்பதெல்லாம் போதாது. எதை வைத்திருந்தது என்று தெரியாத டிரம்மைப் பற்றவைக்க மறுப்பதில் கௌரவக் குறைவு ஒன்றும் இல்லை. பைக் பெட்ரோல் டேங்கும் இதில் அடக்கம்.

உடையில் பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. முழுக்கை பருத்திச் சட்டை, மேல் பட்டன் வரை போட்டது. பாலியஸ்டர் உருகித் தோலில் ஒட்டும். பேன்ட் மடிப்பும் திறந்த சட்டைப் பையும் பொறியைச் சேர்த்து வைக்கும். சட்டைப் பையில் சிகரெட் லைட்டர் கூடவே கூடாது. ஹவாய் செருப்போடு வெல்டிங் செய்பவரின் பாதத்தை ஒருமுறை பார்த்தால் போதும், நான் சொல்லத் தேவையில்லை.

வீட்டுக்கு வெல்டர் வரும்போது

நீங்கள் ராடையே தொடாதவராக இருந்தாலும் கிரில், கேட், மாடிக் கைப்பிடி என்று ஒரு நாள் வெல்டர் வீட்டுக்கு வருவார். வந்ததும் மின்சாரம் எங்கிருந்து எடுக்கிறார் என்று பாருங்கள். மீட்டர் பலகையில் கொக்கி மாட்ட விடாமல் 16 ஆம்பியர் சாக்கெட்டைக் காட்டி, “அண்ணே, பச்சை ஒயர் இருக்கா?” என்று கேளுங்கள். ஒரு மாதிரி பார்ப்பார், பரவாயில்லை. கிளாம்பைக் கிரில்லிலேயே மாட்டச் சொல்லுங்கள்.

சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். ஜன்னலுக்கு உள்பக்கம் திரைச்சீலை, மெத்தை, சமையலறை சிலிண்டர் இருந்தால் முதலில் அதை நகர்த்துங்கள். மாடியில் வேலை என்றால் கீழே நிற்கும் ஸ்கூட்டரைத் தள்ளி வையுங்கள். பிள்ளைகளை உள்ளே அனுப்பிவிடுங்கள். இரும்பைப் பிடித்துக்கொடுக்கும் பையனுக்கு ஒரு ஷீல்டு இருக்கிறதா என்றும் கேட்டுவிடுங்கள். இல்லையென்றால் 10-ஆம் எண் கண்ணாடி மாட்டிய கைஷீல்டு ஒன்று ஹார்டுவேர் கடையில் வாங்கிக் கொடுத்தால் அடுத்த வீட்டு வேலைக்கும் அவன் எடுத்துப்போவான்.

மிச்ச ராடு முனைகளைப் போட ஒரு பழைய பெயின்ட் டப்பாவில் பாதி மணல் நிரப்பி வையுங்கள். சிவப்பு நிறம் போன பிறகும் அந்த முனை சில நிமிடம் காலைச் சுடும் அளவுக்குச் சூடாகவே இருக்கும், பொதுவாக அதைத் தரையில்தான் எறிவார்கள். மறுநாள் ஒரு காந்தத்தை வாசலில் ஒரு சுற்று இழுத்தீர்கள் என்றால் வண்டி டயருக்கும் நல்லது.